மூன்று தாய்மாரின் மரணமும் ஒரு மங்கையின் மறுமொழியும்

தாயைத் தெய்வமெனப் போற்றும் நாடு நம் நாடு. ஆயினும் ஒரு பெண் தாயாகும் அந்த வேளையில் அவள் உயிரைக் காக்க, நெடுங்காலம் நம் ஊர்களில் ஆளில்லாதிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை, நம் பள்ளி மலரைப் படிக்கும் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அம்பத்தூர், ஆவடி இரயில் நிலையங்களில் வண்டிக்காகக் காத்து நிற்கும் நாம், மேற்கே காட்பாடியை நோக்கி விரையும் வண்டிகளை நாள்தோறும் காண்கிறோம். பூந்தமல்லியைக் கடந்து செல்லும் வேலூர்ப் பேருந்துகளுக்கும் குறைவில்லை. அவற்றில் செல்வோருள் பலரின் மடியில் மருத்துவச் சீட்டுகளும் எக்ஸ்ரே உறைகளும் இருக்கும். அவர்கள் நாடிச் செல்வது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. சி.எம்.சி. என்று நாடே அறிந்த அந்நிறுவனம் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கியது என்பதும், அதைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரே டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்க நாட்டு மருத்துவர். 1819ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவத் தொண்டு செய்தவர்; பின்னர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன், இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. அவர் ஆர்க்காட்டு மிஷனைச் சேர்ந்து நம் வட ஆர்க்காட்டுச் சீமையில் பணியாற்றினார். அவருக்கு மகளாக 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து நம் ஆவடி வழியாக வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. அந்தப் பாதை முடிந்த இடத்திற்கு அருகிலுள்ள ஊரே இராணிப்பேட்டை. ஆகவே ஐடா அம்மையார் நமக்குத் தொலைவானவர் அல்லர். நம் இருப்புப் பாதையின் மறுமுனையில் பிறந்தவர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்வார்கள். அப்போது சிறுமியாயிருந்த ஐடா, பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டினார். எலும்பும் தோலுமாய் நின்ற அப்பிள்ளைகளின் முகங்களை அவரால் மறக்க முடியவில்லை.

பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பியபோது ஐடா அங்கேயே கல்வி கற்க விடப்பட்டார். அந்தப் பிரிவு அவர் நெஞ்சைப் புண்படுத்தியது. நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் பெண்களுக்கான உயர்பள்ளியில் படித்த அவர், துடிப்பும் குறும்பும் நிறைந்த மாணவி. பஞ்சமும் நோயும் வெயிலும் நிறைந்த இந்தியாவுக்கு இனிப் போவதில்லை, குடும்ப வழக்கப்படி மிஷனரி ஆவதுமில்லை என்று உறுதி கொண்டார். நல்ல இடத்தில் மணம் புரிந்து அமெரிக்காவில் வசதியாக வாழவேண்டும் என்பதே அவர் கனவு. இதை நாம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணமுண்டு. பெரியோர் எல்லாரும் பிறக்கும்போதே பெரியோராய்ப் பிறப்பதில்லை. நம்மைப்போல் ஆசைகளும் பிடிவாதமும் உடைய ஒரு பெண்ணைத்தான் இறைவன் தேர்ந்துகொண்டார்.

ஓர் இரவு

1890ஆம் ஆண்டு தாயார் நோயுற்ற செய்தி கேட்டு, அவருக்குத் துணையாக இருப்பதற்காக ஐடா திண்டிவனம் வந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிடுவது என்பதே எண்ணம். அங்கேதான் அவர் வாழ்வைத் திருப்பிய அந்த இரவு வந்தது.

மிஷன் பங்களாவில் விளக்கொளியில் அமர்ந்திருந்த ஐடாவைத் தேடி ஓர் இளம் பிராமணர் வந்தார். பதினான்கே வயதான தம் மனைவி பிள்ளைப்பேற்று வேதனையில் துடிப்பதாகவும், மருத்துவச்சி கைவிரித்துவிட்டதாகவும் கூறி, ஐடாவை வந்து உதவும்படி வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரே கைதேர்ந்த மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றும் ஐடா சொன்னார். வேற்று ஆண்மகன் தம் மனைவியைப் பார்ப்பது தம் குல வழக்கத்திற்கு ஆகாது என்று அவர் மறுத்துத் தலைகுனிந்து சென்றார்.

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அவர் மனைவிக்கும் அதே நிலை. கோஷா முறையில் வாழும் அப்பெண்ணின் அறைக்குள் குடும்பத்தார் அல்லாத ஆடவர் எவரும் நுழைய முடியாது. அவரும் வந்த வழியே திரும்பினார். மூன்றாவதாக இன்னோர் உயர்குல இந்து வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

சகோதரிகளே, இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். பதினான்கு வயது என்பது நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வயது. அவள் இறந்ததற்குக் காரணம் மருந்து இல்லாமை அன்று. மருத்துவர் அதே ஊரில், கூப்பிடு தொலைவில் இருந்தார். கணவருக்கு அன்பில்லாமையும் அன்று. அன்பில்லாதவர் இரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். மருத்துவம் அவள் வாசற்படி வரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்றது. உள்ளே போகக்கூடியவள் ஒரு பெண். மருத்துவம் கற்ற பெண். அப்படி ஒருத்தி அங்கே இல்லை.

சென்னை நகரில் நிலைமை சற்றே மாறத் தொடங்கியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் படித்த மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், திரை மறைவில் வாழ்ந்த மகளிருக்கென 1885இல் ஒரு மருத்துவமனையும் உருவாயிற்று. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. ஆனால் நகரத்தில் ஏற்றிய விளக்கு திண்டிவனத்திற்கு ஒளி தரவில்லை.

ஐடா கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் செபித்தார். பின் பெற்றோரிடம் வந்து, தாம் அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று, இந்தியப் பெண்களுக்கு உதவத் திரும்பி வரப்போவதாக அறிவித்தார்.

ஒரே கட்டில்

1895இல் பிலடெல்பியா நகரிலுள்ள மகளிர் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். நம் நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்ற அதே கல்லூரி அது. பின்னர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க முன்வரவே, அங்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்குப் புறப்படுமுன் மருத்துவமனை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் அம்மையாரின் நினைவாகப் பதினாயிரம் டாலர் வழங்கினார். மகிழ்ச்சியோடு கப்பலேறிய ஐடா, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூரை அடைந்தார்.

தந்தையிடம் சில ஆண்டுகள் உடனிருந்து பழகலாம் என்று எண்ணி வந்தவருக்குப் பேரிடி காத்திருந்தது. அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். அனுபவமில்லாத இளம் மருத்துவர், அதிலும் பெண். மக்கள் எளிதில் நம்பி வருவார்களா? ஐடா மனம் தளரவில்லை. பங்களாவின் ஓர் அறையில் ஒரு கட்டிலைப் போட்டுச் சிகிச்சையைத் தொடங்கினார். வீட்டு வேலையாள் ஒருவரின் மனைவியான சலோமியே அவருக்கு முதல் உதவியாளர். காயம் கழுவவும், மருந்து கலக்கவும், கருவிகளைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளிகள் அவரைத் தேடி வந்தனர். 1902இல் 40 கட்டில்கள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடித் தாமே புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டியில் சென்றார். பின்னர் ஒரு சிறிய பிரெஞ்சு மோட்டார் கார் வந்து சேர்ந்தது. புகையும் ஓசையுமாய் வந்த அதைக் கண்டு சிலர் மிரண்டு ஓடினராம்! வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். கைக்குழந்தையை ஏந்திய தாய்மாரும், புண்ணும் கண்ணோயும் உடையோரும் அங்கே காத்திருப்பர். நடமாடும் மருத்துவமனை என்று இன்று நாம் சொல்வதை அவர் அன்றே நடத்திக் காட்டினார்.

ஒருத்தி போதாது

ஆயினும் ஐடா அம்மையாருக்கு ஓர் உண்மை விரைவில் புலப்பட்டது. ஒரு பெண் மருத்துவர் எவ்வளவுதான் ஓடினாலும், ஓர் இரவில் மூன்று வீடுகளில் இருக்க முடியாது. திண்டிவனத்து இரவு போன்ற இரவுகள் ஆயிரம் ஊர்களில் நடந்துகொண்டிருந்தன. அந்தந்த ஊர் மொழி பேசும், அந்தந்த வீட்டு வழக்கம் அறிந்த பெண்களே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆனாலன்றி விடிவில்லை. இந்த எண்ணமே அவருடைய மற்றெல்லாச் சாதனைகளுக்கும் வித்து.

1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து மகளிருக்கென ஒரு மருத்துவப் பள்ளிக்குத் திட்டமிட்டார். அரசின் மருத்துவ அதிகாரி அனுமதி கொடுத்தாலும், விரல்விட்டு எண்ணுமளவுக்குக்கூட மாணவியர் வரமாட்டார்கள் என்றே கருதினார். 1918ஆம் ஆண்டு வந்த விண்ணப்பங்கள் 151! அவர்களுள் 17 பேரைத் தேர்ந்து பள்ளி தொடங்கிற்று. கட்டடம் போதாது, நூல்கள் போதா, ஆசிரியர் மிகச் சிலர். ஐடா அம்மையாரே பாடம் நடத்தினார், அறுவை செய்தார், கணக்கும் எழுதினார். 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் தேர்ச்சி பெற்று மருத்துவராயினர். நம் பெண்களுக்கு அறிவியல் ஏறாது என்று எண்ணியிருந்தோர்க்கு அவர்களே விடையாயினர்.

பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பதற்கு முக்கியக் காரணங்கள் மிகுதியான இரத்தப்போக்கு, சூதகக் காய்ச்சல், வலிப்பு, குழந்தை வெளிவர இயலாமல் தடைபடுதல் என்பவை. இவற்றுள் பலவற்றைப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருந்தால் முன்கூட்டியே அறியலாம், தடுக்கலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதே ஒரு தாயைக் காய்ச்சலிலிருந்து காக்கும். வேலூரில் பயின்ற பெண்கள் இந்த அறிவைத்தான் ஊர் ஊராய்க் கொண்டு சென்றார்கள்.

நம் திருச்சபையில் அதே போராட்டம்

ஐடா அம்மையார் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். அதே காலத்தில் நம் கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே போன்றதொரு கதவு மூடியிருந்தது. வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மகப்பேற்று மருத்துவம் செய்யலாகாது என்பது அன்றைய திருச்சபை ஒழுங்கு. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார், இந்தியத் தாய்மாரின் நிலை கண்டு உருகி, இந்த ஒழுங்கை மாற்றும்படி உரோமைக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். பலன் காணாமலே 1913இல் இறந்தார். அவரால் தூண்டப்பெற்ற டாக்டர் அன்னா டெங்கல் இராவல்பிண்டியில் பணிபுரிந்து, 1925இல் மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையை நிறுவினார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூர் வந்த டாக்டர் மேரி குளோரி, பாப்பரசரின் சிறப்பு அனுமதியுடன் கன்னியராகவும் மருத்துவராகவும் விளங்கினார். இறுதியில் 1936ஆம் ஆண்டு உரோமை அந்தத் தடையை நீக்கியது. மருத்துவ மிஷன் சகோதரிகள் பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாடு வரை சென்று தாய்மாருக்கு மருத்துவமனைகள் நடத்தினர்.

திண்டிவனத்துக் கணவர்களைக் குறை கூறுவது எளிது. நல்லெண்ணம் கொண்டவர்களிடமும் பழைய வழக்கம் கதவாக நிற்கக்கூடும் என்பதை நம் திருச்சபையின் வரலாறே நமக்குத் தாழ்மையோடு கற்பிக்கிறது.

எழுபது வயதில் இன்னொரு போர்

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவக் கல்வி முழுவதும் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பாக உயர்த்தப்பட வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளியோ டிப்ளமா மட்டுமே அளிப்பது. புதிய ஆய்வுக்கூடங்களும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்களும், கூடுதல் கட்டில்களும் இல்லையேல் பள்ளியை மூட வேண்டியதுதான். ஓய்வு பெறவேண்டிய வயதில் ஐடா அம்மையார் 1941இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபது. உலகப் போர் மூண்டிருந்த அந்நாளில் ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்க அனுமதி கிடைத்தது.

இதற்குள் இன்னொரு கேள்வியும் எழுந்தது. கல்லூரி நிலைக்க வேண்டுமானால் பல திருச்சபைகள் ஒன்று சேரவேண்டும். ஆண்களையும் மாணவராகச் சேர்க்கவேண்டும். பெண்களுக்கெனத் தொடங்கிய நிறுவனத்தை இப்படி மாற்றுவது அதன் நோக்கத்தையே கைவிடுவதாகும் என்று, பல்லாண்டு உதவிய நண்பர்களே எதிர்த்தனர். அம்மையாருக்கும் அது எளிதாயிருக்கவில்லை. ஆனால் மூடிய பள்ளியால் எந்தத் தாயும் பிழைக்கமாட்டாள் என்பதை உணர்ந்து மாற்றத்தை ஏற்றார். 1947இல் ஆண்களும் எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் செவிலியர் பட்டப்படிப்பும் அங்குத் தொடங்கிற்று.

1946இல் பொறுப்புகளிலிருந்து விலகிய அம்மையார் கொடைக்கானலில் தங்கினார். தோட்டத்து மலர்களும், தேடி வரும் பழைய மாணவியரும் அவருக்கு இன்பமூட்டினர். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் 89ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நாம் கற்கும் பாடம்

அம்மையார் கண்ட தமிழகத்திற்கும் இன்றைய தமிழகத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. 2018-20ஆம் ஆண்டுகளின் அரசுக் கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் இந்தியாவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலோ 2020ஆம் ஆண்டுக்கான உலக நலவாழ்வு நிறுவன மதிப்பீடு ஆயிரத்திற்கும் மேல். நம் நாட்டுக் குறைவு தானாக வந்ததன்று. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர், 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலான மகப்பேறு நிதியுதவி ஆகிய பலவும் அதில் பங்கு பெற்றன. இவை யாவற்றுக்கும் அடியில் இருப்பது பெண் கல்வி. படித்த பெண்கள் இல்லையேல் செவிலியர் ஏது? மகப்பேற்று மருத்துவர் ஏது?

எனினும் 54 என்பது பூச்சியம் அன்று. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயும், தாயற்ற ஒரு வீடும் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்கு முன் மணமுடிக்கும் செய்திகள் இன்றும் நம் காதில் விழுகின்றன. படிப்பு நடுவில் நின்றுபோகும் தோழியரை நாமே அறிவோம்.

நாம் எல்லாரும் மருத்துவர் ஆகிவிட முடியாது. ஆனால் மேல்வகுப்பு வரை படிப்பை விடாதிருக்கலாம். விட்டுச்செல்ல எண்ணும் தோழியைத் தடுத்து, அவள் வீட்டாரிடம் நம் ஆசிரியர் வழியே பேசலாம். வீட்டில் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருந்தால், மாதந்தோறும் பரிசோதனைக்குச் செல்லும்படி வற்புறுத்தித் துணைக்குப் போகலாம். இரும்புச்சத்து மாத்திரையை அவர் மறவாமல் உட்கொள்கிறாரா என்று கேட்கலாம். சிறிய செயல்களே, ஆயினும் சலோமி கற்றுக்கொண்டதும் இப்படிப்பட்ட சிறிய செயல்களையே.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ மேற்கு நோக்கிச் செல்லும் வண்டியை இனிக் காணும்போது, இருபது வயது கடந்த ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்வோம். மூன்று முறை அவரை உதவிக்கு அழைத்தார்கள். மூன்று முறையும் தமக்கு மருத்துவம் தெரியாதென்று சொல்ல நேர்ந்தது. நான்காம் முறை யார் அழைத்தாலும் அப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது என்று அவர் கற்றார். பிறகு மற்றவர்க்கும் கற்பித்தார். நம்மை அழைக்கும் குரல் எந்த இரவில் எந்த வாசலில் கேட்குமோ, அறியோம். அது கேட்கும்போது ஆயத்தமாயிருக்க, இறைவன் நமக்கு நல்லறிவும் நெஞ்சுரமும் அருள்வாராக!